பலகையில் பன்னிரண்டு குடுமிகள்

நோத்தோ முனை வானிலை நிலையம்
மெய்ஜி 25-ஆம் வருஷம், ஆறாம் மாதம் 10

அக்காவுக்கு,

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. சுவர், பாய், என் சட்டை எல்லாம் பூசணம். நான் மட்டும் நலம். நீயும் கமியுராவில் நலமாக இருப்பாய் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

என்னை இந்த முனைக்கு மாற்றிவிட்டார்கள். வடக்கே எசோ தீவிலிருந்து ஒசாகாவுக்குப் போகிற எந்தப் பாய்க்கப்பலும் என் மூக்குக்கு முன்னால்தான் போயாகவேண்டும். அத்தானின் கப்பல் எய்ஜு மாருவும் அப்படித்தான். வேலை இது: காற்றையும், புயல் வந்தால் இறங்குகிற பாதரசத்தையும் அளந்து டோக்கியோவுக்குத் தந்தி அடிப்பது. எல்லா ஊர்த் தந்தியையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, புயல் வருகிறது என்று டோக்கியோ சொன்னால், குன்றின் மேல் கம்பத்தில் சிவப்புப் பந்தை ஏற்றுவது. மூங்கில் கூடைக்குச் சிவப்புத் துணி போர்த்திய பந்து. கடலில் நெடுந்தூரத்துக்குத் தெரியும். கயிற்றை இழுக்கிறவன் நான்.

இங்குள்ள மீனவர்கள் சிரிக்கிறார்கள். "என்ன சார், உங்க மரத்துல காய் இன்னும் பழுக்கலையா?" என்று தினமும் ஒருவன் கேட்டுவிட்டுப் போகிறான்.

அத்தானும் சிரிப்பார். புத்தாண்டுக்கு என் கிராப்பைத் தடவிப் பார்த்துக் கேட்டாரே: "புயல்ல மாட்டுனா நாங்க குடுமியை அறுத்து கடல் காக்குற கொன்பிரா சாமிக்கு நேர்ந்துக்குவோம். நீ எதை அறுப்பே மாப்ளே, காதையா?" குடுமியை எடு என்று அரசாங்கம் சொல்லி இருபது வருஷம் ஆகிறது. அந்தக் கப்பலில் பன்னிரண்டு பேரும் இன்னும் வளர்த்துக்கொண்டிருப்பது, கடைசி நேரத்தில் அறுக்க ஏதாவது வேண்டுமே என்றுதான். முடி போனால் காற்று ஏன் நிற்கவேண்டும் என்று கேட்டால் சாமியைக் கேள் என்கிறார்கள்.

ஆகவே நீ அவருக்கு எழுது. என் வார்த்தையை மாற்றாமல் எழுது. முனையில் சிவப்புப் பந்தைக் கண்டால், வானம் எப்படியிருந்தாலும், புயலில் செய்வதை அப்போதே செய்யவேண்டும். காற்று வரட்டும் என்று நிற்கக் கூடாது. காற்று வந்தபிறகு சரக்கை எறிந்து பிரயோஜனம் இல்லை. பந்து இருப்பது அதற்குத்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தெய்ஜி

———

கமியுரா
ஏழாம் மாதம் 2

தம்பி தெய்ஜிக்கு,

உன் கடிதம் ஈரமாகவே வந்து சேர்ந்தது. பூசணம் பிடித்த சட்டையை அரிசி கழுவின தண்ணீரில் ஊறவை. இங்கே சௌக்கியம்தான். என் முழங்கால் மட்டும் மழையைக் கண்டால் என்னோடு பேச மறுக்கிறது.

நீ சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதி, அவர் சரக்கு ஏற்றுகிற எஸாஷித் துறைமுகத்துக்குப் போகிற கப்பலில் கொடுத்தனுப்பிவிட்டேன். அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. இந்த வசந்தத்தில் புறப்படும்போதே அவர் சரியாக இல்லை. ஒசாகா மீன் உர வியாபாரி சொல்லி அனுப்பியிருந்தார்: "இந்த வருஷம் சரக்கு குறையில்லாம வந்து சேரட்டும் மதஸோ. அப்புறம் அடுத்த வருஷத்தைப் பத்திப் பேசலாம். புகைக்கப்பல்காரன் தினம் என் வாசல்ல வந்து நிக்கிறான்." கேட்டுவிட்டு உன் அத்தான் பாயை விரித்தார். படுத்தார். இரண்டு நாள் தூங்கினார். கப்பல்காரன் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

கரையில் கப்பல்கள் வரிசை கட்டி நின்ற காலம் உனக்கு நினைவிருக்கும். இப்போது ஐந்து. இந்தப் பயணம் ஒழுங்காக முடிந்தால் எய்ஜு மாரு இன்னும் ஒரு வருஷம் ஓடும். இல்லையென்றால் பன்னிரண்டு வீட்டிலும் அடுப்பைப் பற்றி யோசிக்கவேண்டும். அதனால் உன் பந்தைக் கொஞ்சம் பார்த்து ஏற்று.

தவிட்டில் ஊறின கானாங்கெளுத்தி நாலு அனுப்புகிறேன். சுட்டுத் தின்னு. உப்பு அதிகம், சாதத்தைக் கூட வை.

இசொ

———

நோத்தோ முனை
எட்டாம் மாதம் 9

அக்காவுக்கு,

மீன் வந்தது, தீர்ந்தும் போனது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. முழங்காலுக்கு வெந்நீர் ஒற்றடம் கொடு; கடவுளுக்கு நேர்ந்துகொண்டு உட்கார்ந்திருக்காதே.

பார்த்து ஏற்று என்று எழுதியிருக்கிறாய். ஏற்றச் சொல்லி டோக்கியோ சொல்கிறது, நான் ஏற்றுகிறேன். இதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

தூக்கம் போதவில்லை. இரண்டு பேர் வேலையை ஒருவன் செய்கிறேன்.

தெய்ஜி

———

நோத்தோ முனை
ஒன்பதாம் மாதம் 19

அக்காவுக்கு,

நலமா? நான் நலமில்லை, ஆனால் அது வியாதி இல்லை.

பதினான்காம் தேதி மதியம் டோக்கியோ தந்தி வந்தது: தெற்கிலிருந்து பெரும்புயல். பந்தை ஏற்றினேன். இரண்டு நாள் தொங்கியது. புயல் வழியில் கொரியா பக்கம் திரும்பிவிட்டது. இங்கே ஒரு இலை ஆடவில்லை. அடியலை மட்டும் நீளமாக வந்து வந்து போனது. அதுவும் எங்கேயோ தூரத்தில் அடித்த காற்றின் மிச்சம்.

மீனவர்கள் பந்துக்குக் கீழே பாய் விரித்துச் சாராயம் குடித்தார்கள். ஒருவன் என்னிடம் வந்து, "சார், வெயில் தாங்கல. புயலை அனுப்புவீங்களா, இல்ல நாங்க வீட்டுக்குப் போகலாமா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் மேலதிகாரியும் சிரித்தார். நான் கயிற்றை அவிழ்த்துப் பந்தை இறக்கினேன்.

அத்தான் எஸாஷியிலிருந்து புறப்பட்டிருப்பாரே. ஏதாவது தெரிந்தால் எழுது.

தெய்ஜி

———

கமியுரா
ஒன்பதாம் மாதம் 28

தம்பிக்கு,

இலையுதிர்காலக் குளிர் வந்துவிட்டது. உனக்குப் பஞ்சு வைத்த மேல்சட்டை தைத்துக்கொண்டிருக்கிறேன். நலமாக இரு.

கப்பல் வந்துவிட்டது. பன்னிரண்டு பேரும் உயிரோடு வந்தார்கள். ஒருவர் தலையிலும் குடுமி இல்லை. மூட்டையில் பாதிக்கு மேல் கடலுக்குப் போய்விட்டது. நோத்தோவுக்கு அந்தப் பக்கம் புயல் என்றார்கள். ஊர்த்தலைவர் குடுமிகளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சாட்சிக் கடிதம் எழுதி ஒசாகா வியாபாரிக்குத் தபாலில் அனுப்பினார். வழக்கம் உனக்குத் தெரியும்: புயலில் எறிந்த சரக்குக்குக் கப்பல் தலைவன் பொறுப்பில்லை, அறுத்த குடுமிதான் சாட்சி. மறுநாள் பலகையில் வரிசையாக ஆணியடித்துக் கோயிலில் மாட்டினார்கள். ஊரே வந்தது. மீனவன் இசபுரோ, எப்போதும் வாயாடுவானே, அவன்கூடப் பலகைக்கு முன்னால் கைகூப்பி நின்றான். "முனையில பந்து ஏறியிருந்துச்சாமே. அப்ப அது நெசந்தான் போலிருக்கு," என்றான்.

உன் அத்தான் விருந்தில் சாப்பிடவில்லை. வீட்டில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மிச்சச் சரக்கை எடுத்துக்கொண்டு ஒசாகாவுக்குப் போகவேண்டும். நாளை, நாளை என்கிறார்.

மீனவர்கள் சிரித்ததைப் பற்றி எழுதியிருந்தாய். அது போகட்டும். சாப்பாட்டைக் குறைக்காதே.

இசொ

———

நோத்தோ முனை
பத்தாம் மாதம் 6

அக்காவுக்கு,

பன்னிரண்டு பேரும் உயிரோடு வந்தது நல்லது. அதைச் சொல்லிவிட்டேன். இனி நேராகக் கேட்கிறேன், நீயும் நேராகப் பதில் சொல்.

எந்தப் புயல்?

ஒசாகா வியாபாரி எங்கள் நிலையத்துக்கு எழுதியிருக்கிறார். பதினான்காம் தேதி சாயங்காலம் முனைக்கு வெளியே எய்ஜு மாரு புயலில் சிக்கியதாகத் தலைவன் சொல்கிறான், அன்று காற்று எவ்வளவு என்று தெரிவிக்கவும் என்று கேட்டிருக்கிறார். அதைத் தயாரிக்க வேண்டியவன் நான். அக்கா, அன்று காற்றை அளந்தவனும் நான்தான். காற்றே இல்லை. கொஞ்சமாவது இருந்தது என்று எழுதக்கூட இடமில்லை.

நான் யோசித்தது இது. அவர்கள் முனையைக் கடக்கும்போது பந்து தொங்குவதைப் பார்த்திருக்கிறார்கள். புயல் வரப்போகிறது, எல்லாரும் நம்புவார்கள் என்று நினைத்து எங்கேயோ ஒரு கரையில் மூட்டையை விற்றுவிட்டுக் குடுமியை அறுத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்துக் கப்பல் தலைவர்கள் செய்த தந்திரம்தான். அவர்களுடைய துரதிர்ஷ்டம், புயல் திரும்பிவிட்டது. இருபது வருஷம் காப்பாற்றின குடுமியை இதற்கா அறுப்பது?

அத்தான் அப்படிப்பட்டவர் இல்லை என்று நீ சொல்வாய். அப்படியென்றால் என்ன நடந்தது என்று அவரையே எழுதச் சொல். நான் பொய்ச் சான்று கொடுக்க மாட்டேன். உன் புருஷன் என்பதற்காகப் பாதரசம் இறங்காது.

மேல்சட்டைக்கு அவசரமில்லை. பதிலுக்கு அவசரம்.

தெய்ஜி

———

நோத்தோ முனை
பத்தாம் மாதம் 24

அக்காவுக்கு,

பதில் இல்லை. தபாலும் இன்று வெறுங்கையோடு வந்தது. முழங்கால் வலியென்றால் யாரையாவது எழுதச் சொல்லியிருக்கலாம்.

இனிமேல் காத்திருக்க முடியாது. சான்றை அனுப்பிவிட்டேன். அன்று காற்று இல்லை என்று எழுதியிருக்கிறேன். கேட்டது அவ்வளவுதான், சொன்னதும் அவ்வளவுதான். நீ பேசாமல் இருந்ததே எனக்குப் பதில்.

குளிர் அதிகம். பத்திரம்.

தெய்ஜி

———

கமியுரா
பதினோராம் மாதம் 8

தம்பிக்கு,

முதலில் நீ நலமா என்று கேட்கிறேன். கேட்கவேண்டும் என்றுதான் இருக்கிறது.

உன் கடிதங்கள் வந்தன. நான் எழுதாததற்கு முழங்கால் காரணமில்லை. "அவனுக்கு இது தெரிய வேணாம், சின்னப் பையன்," என்று உன் அத்தான் சொல்லியிருந்தார். இப்போது ஒசாகாவுக்குப் போய்விட்டார். வீட்டில் நான் மட்டும். அதனால் எழுதுகிறேன்.

கப்பல் வந்த இரவே எனக்குச் சந்தேகம். புயலில் நனைந்த துணி எப்படி நாறும் என்று எனக்குத் தெரியும். அவருடைய துணி காய்ந்திருந்தது. சுக்கான் பிடிக்கிற கன்ஸுகேயைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சாராயம் ஊற்றினேன். மூன்றாவது கிண்ணத்தில் சொன்னான்.

"கடல் எண்ணெய் மாதிரி கிடந்துச்சு அண்ணி. அடியில இருந்து நீளமா ஒரு அலை மட்டும் தூக்கித் தூக்கி விட்டுச்சு. துடுப்புப் போட்டு மெல்ல முனையைத் திரும்புறோம், பந்து தொங்குது. நான் சிரிச்சேன், 'உங்க மச்சினன் பந்தாடுறாரு தலைவரே'ன்னு. அவரு சிரிக்கல. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கிட்டு நின்னாரு. அப்புறம், 'மூட்டையை எறிங்கடா'ன்னாரு."

"'காத்தே இல்லையே தலைவரே'ன்னேன். 'காத்து வந்தப்புறம் எறிஞ்சு பிரயோஜனம் இல்ல. எழுதியிருக்கான்'னாரு. 'நீங்க எப்பத்துலேர்ந்து பந்தைக் கும்பிட ஆரம்பிச்சீங்க?'ன்னு கேட்டேன், கோவத்துல. அவரு சொன்னாரு, 'பந்தை எவன் கும்பிட்டான்? அதை ஏத்துன கை யாரோடதுன்னு எனக்குத் தெரியும்.'"

சாமிக்கு நேராமல் சரக்கைத் தொடமாட்டோம் என்று மற்றவர்கள் நின்றுவிட்டார்களாம். உன் அத்தான் கத்தியை எடுத்து முதலில் தன் குடுமியை அறுத்தார். பிறகு எல்லாரும். பிறகு மூட்டைகள்.

"விடிஞ்சுச்சு அண்ணி. பன்னெண்டு பேரும் எழவு வீட்டுப் பொம்பளைங்க மாதிரி தலையை விரிச்சுப்போட்டு உக்காந்திருக்கோம். ஒரு விளக்கை அணைக்கிற அளவுக்குக்கூடக் காத்து இல்ல. நம்ம மூட்டை ரெண்டு பக்கத்துலயே மிதக்குது, எங்களைவிட்டுப் போக மனசில்லாத மாதிரி. ஒருத்தன் சிரிக்க ஆரம்பிச்சான், அப்படியே அழுதுட்டான். தலைவர் எந்திரிச்சு, 'புயல் அடிச்சுது. அவ்வளவுதான். கரையில இதைத்தான் சொல்லணும்'னாரு."

இதைத்தான் நான் உனக்கு எழுதாமல் வைத்திருந்தேன். உன் வார்த்தையை ஒன்றும் மாற்றாமல் அவருக்கு எழுதியவள் நான். எதையாவது மாற்றியிருக்கலாம்.

உன் சான்று அவருக்கு முன்னால் ஒசாகாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். மேல்சட்டையை இதோடு அனுப்புகிறேன். மீன் இந்த வருஷம் ஊறப்போடவில்லை. கை போகவில்லை.

இசொ

———

நோத்தோ முனை
பதினோராம் மாதம் 15

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. மேல்சட்டை வந்தது. போட்டுக்கொள்ளவில்லை.

கடிதத்தைப் படித்ததும் மேலதிகாரியிடம் போனேன். ஒசாகாவுக்கு இன்னொரு சான்று அனுப்புவோம், அன்று நம் பந்து ஏறியிருந்தது, அதைப் பார்த்துத்தான் சரக்கை எறிந்தார்கள் என்று எழுதுவோம் என்றேன்.

"அவங்க என்ன கேட்டாங்க?" என்றார்.

"காற்று."

"நாம என்ன சொன்னோம்?"

"காற்று."

"பந்தைப் பத்தி யாராவது கேட்டாங்களா? இல்லல்ல. அப்புறம் ஏன்யா வாயைத் திறக்குறே? போய் உக்காரு."

டோக்கியோவின் கணக்கில் தப்பில்லை. இருந்த தந்திகளை வைத்துப் பார்த்தால் புயல் இங்கேதான் வந்திருக்கவேண்டும். அது திரும்பியது. எழுதி முடித்துப் படித்துப் பார்க்கிறேன், எவ்வளவு கேவலமான வாக்கியம்.

நான் ஒசாகாவுக்குப் புறப்படுகிறேன். விடுப்புக் கொடுக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டுப் போகிறேன். வியாபாரி முகத்துக்கு நேராகச் சொல்கிறேன். அத்தான் அங்கே எங்கே தங்கியிருக்கிறார் என்று உடனே தந்தி அடி.

தெய்ஜி

———

கமியுரா
பன்னிரண்டாம் மாதம் 3

மாப்பிள்ளைக்கு,

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. உன் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து எழுத்தைத் திருத்துகிறாள். நாங்கள் சௌக்கியம். உன் கடிதம் வந்தபோது நான் வீட்டில் இருந்தேன், தந்தி அடிக்க வேண்டாம் என்று அவளிடம் சொன்னது நான்தான். ஒசாகா வேலை முடிந்து நடந்தே வந்துவிட்டேன். நீ புறப்படாதே.

வியாபாரி உன் சான்றைக் காட்டி, "காத்தே இல்லையாமே. மூட்டை எங்கே?" என்றார். நான் பேசவில்லை. போன சரக்குக்கு ஈடாகக் கப்பலைக் கொடுத்துவிட்டேன். கப்பல் கைக்கு வந்ததும் அவரும் பேசுவதை நிறுத்திவிட்டார். வழக்கு கிழக்கு ஒன்றுமில்லை. விற்றுத் தின்றேன் என்று நினைக்கிறார்கள். அந்த ஊரில் இனி எங்கள் பன்னிரண்டு பேரில் யாரையும் ஒருவரும் கப்பலில் ஏற்றமாட்டார்கள். கன்ஸுகேவுக்கு இது தெரியாமல் இல்லை, தெரிந்துதான் உண்மையைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருக்கிறான். அதற்குக் காரணத்தை எழுதுகிறேன்.

போன மாதக் கடைசியில் இங்கே நம் குன்றிலும் ஒரு கம்பம் நட்டு, பந்து ஏற்றினார்கள். வானம் தெளிவாக இருந்தது. மீன் நிறைய. நான் கரையில் உட்கார்ந்திருந்தேன், ஒருவனும் படகைத் திருப்பமாட்டான் என்று நினைத்தேன். இசபுரோ முதலில் கரையேறினான். மற்றவர்களைப் பார்த்துக் கத்தினான்: "மதஸோ குடுமியையே வாங்குன பந்துடா அது. விளையாடாதீங்க. இழுங்கடா மேலே." எல்லாப் படகையும் இழுத்துப் போட்டார்கள். அன்று சாயங்காலம் காற்று வந்தது. முப்பது வருஷத்தில் அப்படி ஒன்றை நான் கரையிலிருந்து பார்த்ததில்லை. கடலில் ஒரு படகு இல்லை.

நீ ஒசாகாவில் வாயைத் திறந்தால் அது இந்தக் கரை முழுக்க வரும். காற்றில்லாத கடலில் மதஸோ குடுமியை அறுத்தான் என்று சிரிப்பார்கள். அது பெரிய விஷயமில்லை. அடுத்து பந்தைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

ஒசாகாவில் நான் திருடன். இங்கே புயலைத் தாண்டி வந்தவன். இரண்டும் நான் இல்லை. களைப்பாக இருக்கிறது, மாப்பிள்ளை. ஆனால் தூங்க முடிகிறது.

நீ உண்மை பேசுகிறவன். இதைப் பேசாதே. பேசாமல் இருப்பதும் ஒரு வேலைதான். உனக்குப் பழக்கமில்லை, கஷ்டமாக இருக்கும்.

மேல்சட்டையைப் போட்டுக்கொள். அவள் கண் வலிக்கத் தைத்தது.

மதஸோ

———

நோத்தோ முனை
மெய்ஜி 26-ஆம் வருஷம், மூன்றாம் மாதம் 20

அக்காவுக்கு,

பனி உருகத் தொடங்கிவிட்டது. மூன்று மாதமாக எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் கை ஒசாகா விலாசத்தை எழுதுகிறது, கிழித்துப் போட்டுவிடுகிறேன். மேல்சட்டையைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். உன் முழங்கால் இந்தக் குளிரை எப்படித் தாங்கியது?

குளிர்காலத்தில் நாலு தடவை பந்து ஏற்றினேன். இரண்டு தடவை புயல் வந்தது, இரண்டு தடவை வரவில்லை. வராத அன்று, பாய் விரித்துக் குடித்தானே அதே மீனவன் வந்து, "என்ன சார் ஆச்சு?" என்றான். திரும்பிவிட்டது என்றேன். "திரும்புனா நல்லதுதானே," என்று சொல்லிவிட்டு வலையைத் தைக்கப் போய்விட்டான். அவனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் போல இருந்தது. சொல்லவில்லை.

நேற்று எய்ஜு மாரு முனையைக் கடந்தது. பாய்மரத்தை வெட்டிவிட்டார்கள். வெறும் உடம்பு, கரியை ஏற்றி ஒரு புகைக்கப்பல் இழுத்துக்கொண்டு போனது. அத்தானிடம் சொல்லலாமா என்று நீ பார்த்துக்கொள்.

போன பதினோராம் மாதத்திலிருந்து நான் முடி வெட்டவில்லை. நாவிதர், "சாமியாராப் போறீங்களா சார்?" என்கிறார். மேலதிகாரி, "முடிவெட்டவும் டோக்கியோவுலேர்ந்து தந்தி வரணுமாய்யா?" என்கிறார். இப்போது காதை மூடியிருக்கிறது. முடிந்து கட்டுகிற அளவுக்கு வர இன்னும் ஒரு வருஷமாவது ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். வந்ததும் ஊருக்கு வருகிறேன். கோயில் பலகையில் இடம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல். ஓரத்தில் போதும்.

ஆணியடிக்கும்போது இசபுரோ ஏன் என்று கேட்காமல் இருக்கமாட்டான். என்ன பதில் சொல்வது என்று அத்தானைக் கேட்டு எழுது. அவர் கொடுத்த வேலை எனக்கு இன்னும் பழகவில்லை.

காது பத்திரமாக இருக்கிறது என்றும் சொல்.

தெய்ஜி